படையை விட்டு ஓடிப்போன தளபதியா மெக்கார்தர்?

திருச்சி சேகர்:
இன்னொரு இழையில் ஒரு நண்பர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தந்த ஆகச் சிறந்த தளபதி டக்ளஸ் மெக்கார்தர்தான் என்று எழுதியிருந்தார். என்னால் ஏற்கவே முடியவில்லை. அங்கே எழுதினால் பேச்சு திசைமாறும் என்று இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

1942 மார்ச் 11 இரவு. பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் ஏறக்குறைய 80,000 பேர் மலேரியாவோடும் அரைவயிற்றோடும் ஜப்பானியரை எதிர்த்து நின்றுகொண்டிருந்தார்கள். மெக்கார்தர் கொரெகிடோர் தீவிலிருந்து மனைவி, நாலு வயது மகன், மகனைப் பார்த்துக்கொண்ட ஆயா எல்லோருடனும் படகேறிவிட்டார். கிளம்பும்போது, பொறுப்பை ஏற்ற ஜொனாதன் வெயின்ரைட் கையில் கொடுத்தது ஒரு பெட்டி சுருட்டும் இரண்டு ஜாடி சவர கிரீமும். உயிரோடு இருந்தால் பட்டானில்தான் இருப்பேன் என்றார் வெயின்ரைட். மே 6-ல் கொரெகிடோரில் சரணடைந்து, மூன்றேகால் வருடம் ஜப்பானியர் சிறையில் கிடந்தார். இவர்களில் யாரைத் தளபதி என்பீர்கள்?

கடலோடி:
சேகர் அண்ணே, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். போகச் சொன்னது ஜனாதிபதி ரூஸ்வெல்ட். பிப்ரவரி 22-லேயே உத்தரவு வந்துவிட்டது. மனிதர் உடனே கிளம்பவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட்டார். அந்த உத்தரவுக்கு ஒரு வாரம் முன்புதான் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்திருந்தார். அடுத்து ஒரு நான்கு நட்சத்திர அமெரிக்கத் தளபதியும் பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆஸ்திரேலியாவில் படை திரட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பயணமும் சொகுசானது இல்லை. ஜான் பல்க்லி ஓட்டிய பி.டி. 41 என்ற சின்ன டார்பிடோ படகு, எதிரிக் கப்பல்கள் சுற்றிய கடல், குடலைப் புரட்டும் அலை. தெற்கே மிண்டானாவோ தீவுக்குப் போய்ச் சேர இரண்டு இரவு ஆனது. படைவீரன் மேலிடத்து உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததை ஓட்டம் என்று சொல்லக்கூடாது.

திருச்சி சேகர்:
உத்தரவை நான் மறுக்கவில்லை தம்பி. அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டது யார்? பேர்ல் ஹார்பர் செய்தி கிடைத்து எட்டு ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் மணிலாவுக்கு வடக்கே கிளார்க் விமானதளத்தில் குண்டு விழுந்தது. அவ்வளவு அவகாசம் இருந்தும் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிலேயே எரிந்தன. பட்டானுக்குப் பின்வாங்கி நிற்கும் பழைய திட்டத்தை மாற்றி, கடற்கரையிலேயே தடுப்பேன் என்றார். தடுக்க முடியவில்லை. பின்வாங்கியபோது கபனாதுவான் கிடங்கில் குவிந்து கிடந்த அரிசி கூடவே வரவில்லை. ஜனவரி முதல் வாரமே படிச்சோறு பாதியானது.

கடைசியில் குதிரைப்படையின் குதிரைகளை அறுத்துத் தின்றார்கள். வெயின்ரைட் குதிரைப்படையில் வளர்ந்தவர். தன் சொந்தக் குதிரையையும் அறுக்கக் கொடுத்தார். அந்த மாதங்களில் மெக்கார்தர் பட்டானுக்கு வந்து படைகளைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. வீரர்கள் டக்ளஸ் என்ற பெயரைச் சுருக்கி அவரைப் பதுங்குகுழி டக் என்று பாட்டுக் கட்டிப் பாடியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஈப்போ மலர்:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். என் தாத்தா ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டவர், திரும்பவில்லை. அதனால் இந்தக் கதையை நான் விட்டுப்போனவர்கள் பக்கமிருந்துதான் படிப்பேன்.

எனக்கு ஆறாத விஷயம் ஜனவரி 15 அறிக்கை. ஆயிரக்கணக்கான வீரர்களும் நூற்றுக்கணக்கான விமானங்களும் புறப்பட்டுவிட்டதாகப் பட்டானில் இருந்த ஒவ்வொரு படைப்பிரிவிலும் வாசிக்கச் சொன்னார் மெக்கார்தர். எதுவும் வரவில்லை. அதை நம்பி நின்றவர்களைத்தான் ஏப்ரல் 9-ல் பட்டான் சரணடைந்த பிறகு மரிவெலெஸிலிருந்து சான் ஃபெர்னாண்டோ வரை நூறு கிலோமீட்டர் வெயிலில் நடத்தினார்கள். அதில் பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். பிடிபட்ட 77 அமெரிக்க ராணுவ, கடற்படை நர்ஸுகளையும் மறந்துவிடாதீர்கள். சாந்தோ தோமாஸ் முகாமில் பசியோடு கிடந்தும் மற்றக் கைதிகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். சேவை என்றால் எனக்கு அவர்கள்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

கடலோடி:
மலர் அக்கா, அரிசி விஷயத்திலும் விமானங்கள் விஷயத்திலும் என்னிடம் சமாதானம் இல்லை. அவர் தவறுதான். ஆனால் அந்த அறிக்கையை அவர் தானாக ஜோடிக்கவில்லை. வாஷிங்டனிலிருந்து ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் நம்பிக்கை ஊட்டும் தந்திகளையே அனுப்பிக்கொண்டிருந்தார். ஜெர்மனியை முதலில் முடிப்பது என்று மேலே தீர்மானித்தாகிவிட்டது. அதைப் பட்டானுக்கு யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

திரும்பி வருவேன் என்று ஆஸ்திரேலியாவில் சொன்னவர், சொன்னபடி வந்தார். 1944-ல் பிலிப்பைன்ஸை விட்டுவிட்டு ஃபார்மோசாவை (இன்றைய தைவான்) தாக்கலாம் என்று கடற்படைத் தலைமை சொன்னபோது, ஹொனலூலுவில் ரூஸ்வெல்ட் முன்னால் நின்று வாதாடியவர் இவர். அக்டோபர் 20-ல் பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில் படையோடு இறங்கினார். அடுத்த ஜனவரியில் கபனாதுவான் முகாமிலிருந்து 500-க்கும் மேற்பட்ட கைதிகள் மீட்கப்பட்டார்கள். வேறு வழியாகப் போயிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா?

திருச்சி சேகர்:
திரும்பி வந்ததை மதிக்கிறேன். ஆனால் பதக்கக் கதைக்கு என்ன சொல்கிறீர்கள்? 1942-ல் மெக்கார்தருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. ஓடிவிட்டார் என்ற ஜப்பானியப் பிரசாரத்தை முறியடிக்க மார்ஷல் முன்நின்று வாங்கிக் கொடுத்தார். அதே வருடம் வெயின்ரைட்டுக்கும் கொடுக்கலாம் என்று மார்ஷல் கேட்டபோது, கூடாது என்று எதிர்த்தவர் மெக்கார்தர். சிறையில் இருக்கும் சக அதிகாரிக்கு! போர் முடிந்து ஜனாதிபதி ட்ரூமன் கையால்தான் அந்த மனிதருக்கு அது கிடைத்தது.

கடலோடி:
அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. சின்னத்தனம்தான்.

ஆனால் 1945 ஆகஸ்ட் கடைசியில் யோகோஹாமா ஹோட்டலில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். மஞ்சூரியா சிறையிலிருந்து வந்த வெயின்ரைட் எலும்பும் தோலுமாகக் கைத்தடி ஊன்றி நின்றார். சரணடைந்ததற்காக நாட்டில் தன்னைக் காறித் துப்புவார்கள் என்று மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருந்தவர். சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டார் மெக்கார்தர். மறுபடி ஒரு படைப்பிரிவு வேண்டும், அதுதான் வெயின்ரைட் கேட்டது. உன் பழைய படை எப்போது கேட்டாலும் உனக்குத்தான் என்றார் இவர். இரண்டு நாள் கழித்து மிசூரி கப்பலில் ஜப்பானின் சரணாகதியை ஏற்று மெக்கார்தர் கையெழுத்திட்ட முதல் பேனா வெயின்ரைட்டுக்கு, இரண்டாவது பெர்சிவலுக்கு.

ஈப்போ மலர்:
அந்தக் கையெழுத்துப் புகைப்படத்தைப் பார்த்திருக்கிறேன். பின்னால் நிற்கும் இருவருக்கும் சட்டை தொளதொளவென்று தொங்கும்.

திருச்சி சேகர்:
சரி தம்பி. ‘ஓடிப்போன’ என்ற சொல்லை இழையின் தலைப்பிலிருந்து எடுக்கச் சொல்லி மட்டுறுத்துநருக்கு எழுதிவிட்டேன். உத்தரவுக்குப் பணிந்தவரை அப்படிச் சொன்னது தப்பு. ஆகச் சிறந்த தளபதி என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். கபனாதுவான் அரிசிக்கு நீங்களும் பதில் சொல்லவில்லை.