பையனுக்கு ஹாக்கியில் கோல் விழவில்லையா? கனடாவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

பையன் ஐஸ் ஹாக்கியில் ஃபார்வர்டாக (கோல் போடும் முன்வரிசையில்) ஆடுகிறான், நன்றாக ஓடுகிறான், கோல் மட்டும் விழவில்லை என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. என் மகளும் அப்படித்தான் இருந்தாள். இரண்டு சீசன் ரிங்கின், அதாவது பனித்தரை மைதானத்தின், கண்ணாடிக்குப் பின்னால் நின்று "அடி, அடி" என்று கத்தினேன். அடிப்பதில் குறையில்லை, பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அவளிடம் நிற்காததுதான் குறை என்று புரிய நாளாயிற்று.

முதலில் ஸ்டிக்கைப் பாருங்கள். வளர்கிற பிள்ளை என்று சட்டை எடுப்பதுபோல ஓர் அளவு பெரிதாக வாங்கியிருந்தால் உடனே மாற்றுங்கள். ஸ்கேட்ஸ் போட்டு நிற்கும்போது முகவாய் வரை வந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் மேல்கை விலாவில் இடிக்கும், பக்கை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோக முடியாது. ஸ்டிக்கின் மேல் ஃபிளெக்ஸ் என்று ஓர் எண் இருக்கும், எண் கூடக் கூட ஸ்டிக் விறைப்பு. பிள்ளையின் எடை பவுண்டில் எவ்வளவோ அதில் பாதி என்பது இங்கே சொல்லும் கணக்கு. 30 கிலோ என்றால் 66 பவுண்டு, பாதி 33, ஆக 30 அல்லது 35 எண் ஸ்டிக். நீளத்தை அறுத்தால் ஸ்டிக் இன்னும் விறைப்பாகிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஊரில் ஹாக்கி ஆடிய அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஆட்டத்தில் ஸ்டிக்கின் உருண்ட பக்கம் பட்டால் ஃபவுல். இங்கே பிளேடின் (ஸ்டிக்கின் அடியில் உள்ள தட்டையான பகுதியின்) இரு பக்கமும் ஆடலாம். ஊர்ப் பழக்கத்தில் நாம் பேக்ஹேண்டை (பிளேடின் பின்பக்கத்தால் ஆடுவதை) சொல்லித் தராமலே விட்டுவிடுகிறோம். கனடாவின் நட்சத்திர வீரர் சிட்னி கிராஸ்பியின் பேக்ஹேண்டைப் பாருங்கள், கோல்கீப்பர்கள் அஞ்சும் அடி அது. பிள்ளைக்கு அடி அப்புறம் வரட்டும். பேக்ஹேண்ட் பக்கம் வருகிற பாஸை வாங்கப் பழக்குங்கள். கேட்ச் பிடிக்கும்போது கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வோமே, அதேபோல் பிளேடும் பக்கோடு பின்வாங்க வேண்டும். விறைப்பாக நீட்டினால் தெறித்து ஓடிவிடும்.

அடுத்தது, யாரும் கைதட்டாத வேலை: ஸ்டிக்கை நெம்புவது. யு13 (13 வயதுக்கு உட்பட்டோர்) பிரிவு வரை உடம்பால் மோத அனுமதியில்லை. ஆகவே பக்கை ஸ்டிக்கால்தான் பறிக்க வேண்டும். பின்னாலிருந்து நெருங்கி, எதிராளியின் ஸ்டிக்கில் பிளேடுக்குச் சற்று மேலே அடிப்புறமாகக் கொடுத்து ஒரு நெம்பு, அதே வீச்சில் பக்கை இழுத்துக்கொள்ள வேண்டும். கையில் பட்டால் பெனால்டி. டெட்ராய்ட் அணியில் ஆடிய பாவெல் டாட்சுக் இதில் பெரிய ஆள். அத்தனை பக்குகளைப் பறித்தவர், கண்ணியமான ஆட்டத்துக்கான லேடி பிங் விருதை 2006 முதல் 2009 வரை நான்கு வருடமும் வாங்கினார். எதிராளி கோலுக்குப் பக்கத்தில் இப்படிப் பறித்த பக் பாதி கோல் என்று என் மகளுக்குச் சொல்வேன்.

கோலுக்கு முன்னால் நிற்கும்போது பிளேடு தரையில் இருக்கட்டும். களைத்ததும் பிள்ளைகள் ஒரு கையில் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு மிதப்பார்கள். பாஸ் கொடுப்பவனுக்குக் குறி எங்கே? தரையில் பிளேடு இருந்தால் பின்னாலிருந்து வரும் அடியைத் திசைதிருப்பவும் முடியும். அமெரிக்க வீரர் ஜோ பாவெல்ஸ்கி அப்படிப் போட்ட கோல்கள் ஏராளம்.

பழக ரிங்க் வேண்டாம். கராஜிலோ கார் நிறுத்தும் இடத்திலோ நீங்கள் டென்னிஸ் பந்தை உருட்டிவிடுங்கள், அவன் பேக்ஹேண்டில் வாங்கட்டும், பத்து நிமிடம். ஸ்டிக் அளவில் சந்தேகமிருந்தால் ஸ்கேட்ஸோடு எந்த இடம் வரை வருகிறது என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.