குடும்பக் கூடுகை: சொக்காரர் (ஆண்வழிப் பங்காளிகள்) மட்டுமா, பெண்வழியும் சேர்த்தா?

தாமிரபரணி_மகள்:
எங்கள் குடும்பத்தில் மே மாதம் ஒரு கூடுகை வைக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. "பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு எல்லோரும் வரத்தானே செய்கிறோம், தனியாக எதற்கு? குடும்ப வரலாறு வேண்டுமென்றால் கோயில் வரி நோட்டைப் பார்த்து எழுது" என்கிறார்கள் பெரியவர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வரி நோட்டில் இருப்பது கோயிலுக்கு வரிப்பணம் கொடுக்கும் தலைக்கட்டுகள், அதாவது கல்யாணமான ஆண்கள் மட்டும். என் பூட்டனுக்கு இரண்டு மகன், நாலு மகள். அந்த நாலு பேரும் நோட்டில் கிடையாது. பெண்வழிப் பிள்ளைகளையும் கூப்பிட்டு ஒரு மண்டபத்தில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. மற்ற நெல்லைக்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஏரல்_அண்ணாச்சி:
தங்கச்சி, பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. "எனக்குச் சொல்லவில்லை" என்ற வருத்தமே வராது. சென்னையோ மும்பையோ, எங்கே இருந்தாலும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். செலவும் வரியில் அடங்கிவிடும், கணக்கும் அன்றே வாசிக்கப்படும். நீங்கள் மண்டபம் பிடித்தால் வாடகை யார் தருவது, சாப்பாடு யார் பொறுப்பு என்பதிலேயே பாதிப் பேர் முகம் கோணுவார்கள்.

பெண்ணை ஒதுக்குகிறோம் என்றும் நினைக்க வேண்டாம். கட்டிக்கொடுத்த பெண் அதே நாளில் புருஷன் வீட்டுச் சாஸ்தாவுக்குப் போயிருப்பாள். அங்கே அவள் பிள்ளைக்கு வரி இருக்கும். இன்னொன்று, சொக்காரர் வீட்டில் நாம் பெண் எடுப்பதில்லை. யார் அண்ணன் தங்கை முறை என்று அடுத்த தலைமுறைக்குக் காட்டுவது அந்த நோட்டுதான்.

தாமிரபரணி_மகள்:
அண்ணாச்சி, அதே நாளில் அவள் வேறு கோயிலில் நிற்க வேண்டியிருப்பதால்தான் மே மாதம் கேட்கிறேன். முறை தெரிய வரி நோட்டு உதவும், சரி. ஆனால் வரலாறு என்று வந்தால் கணக்கு வேறு. பூட்டன் பூட்டி தலைமுறையில் நம் ஒவ்வொருவருக்கும் எட்டுப் பேர் இருக்கிறார்கள். வரி நோட்டு காட்டுவது அந்த எட்டில் ஒருவரை. மற்ற ஏழு பேர் எந்த ஊர், என்ன பாடுபட்டார்கள் என்று தெரியாமல் எழுதினால் அது குடும்ப வரலாறு ஆகுமா?

அவர்களைத் தேடவும் இடம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பரணில் ஆச்சி கல்யாணத்து மொய் நோட்டு கிடந்தது. மேலே பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள் கறை, வரிசையாக ஊர், பெயர், தொகை. "கயத்தாறு, பெரியத்தை மகன், ரூ. 5" என்று ஒரு வரி. அந்தப் பெரியத்தை யார் என்று இன்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வரி நோட்டில் இல்லாத பெண்மக்கள் எல்லாம் மொய் நோட்டில் இருக்கிறார்கள்.

பாளை_ஜெபா:
அக்கா சொல்லும் மண்டபத்துக்கு என் ஓட்டு. எங்கள் குடும்பத்தில் ஒரு கிளை சாஸ்தா கோயில், ஒரு கிளை சர்ச். 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்று முதலூர் உண்டான காலம் தொட்டு நம் பக்கத்தில் இப்படிப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. பங்குனி உத்திரம்தான் கூடுகை என்றால் நாங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். எங்களுக்கு வரி கிடையாது, ஆனால் பூட்டன் ஒருவரே.

எங்கள் கையில் உங்களுக்கு உதவும் சரக்கும் இருக்கிறது. சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளை பெயரோடு அப்பா, அம்மா இருவர் பெயரும், ஊரும், அப்பாவின் தொழிலும் எழுதியிருப்பார்கள். தேதி உண்டு. கல்லறைத் தோட்டத்துக் கல்லிலும் தேதி உண்டு. வாய்வழியாக "தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876–78) முந்தி" என்று மட்டும் தெரிந்த ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் ஆண்டு கண்டுபிடித்தது அப்படித்தான்.

ஏரல்_அண்ணாச்சி:
ஜெபா தம்பி, அம்மா பெயரும் சேர்த்து எழுதியிருப்பது நல்ல விஷயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெண்வழி வரைபடம் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும். நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறோம். ஒரே ஆள் மூன்று இடத்தில் வருவார். போதாக்குறைக்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து, தலைமுறைக்கு இரண்டு சுடலைமுத்து, மூன்று இசக்கி.

சொல்லத் தயங்கிய விஷயத்தையும் சொல்கிறேன். இன்னார் மகள், இன்னார் பேத்தி என்று அச்சடித்துக் கையில் கொடுத்தால் நாளைக்குப் பூர்வீகச் சொத்தில் வழக்கு வரும். வரைபடம் போட்டபிறகு அண்ணன் தங்கை பேசாமல் போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

வேப்பேரி_வக்கீல்:
சொத்து விஷயம் மட்டும் சொல்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 1989ஆம் ஆண்டுத் திருத்தமே அப்போது கல்யாணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்துவிட்டது. 2005இல் நாடு முழுக்க இந்துக் குடும்பங்களின் எல்லா மகள்களுக்கும் வந்தது. அப்பா 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையை இந்தச் சட்டம் கலைக்காது. ஆக, வரைபடத்தால் புதிதாக உரிமை முளைக்கப் போவதில்லை. மகள் பெயரை எழுதாமல் விட்டால் இருக்கும் உரிமை போய்விடவும் செய்யாது.

ஒரு எச்சரிக்கை: உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண் எதையும் பொதுவில் போடாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது குழுவோடு நிற்காது.

கோத்தகிரி_ரவி:
அண்ணாச்சி, வரியை வைத்துத்தான் குடும்பம் என்றால் நாங்கள் யார்? என் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. ஊருக்குப் போய்க் கோயிலில் கேட்டால், பல வருஷம் வரி வராததால் தாத்தா பெயரை அடித்துவிட்டிருந்தார்கள்.

எங்களைத் தேடி மண்டபம் முகாமுக்கே வந்தது தாத்தாவின் தங்கை மக்கள். அண்ணன் தோட்டத்திலிருந்து எழுதிய கடிதங்களை அந்த அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் தோட்டத்தின் பெயர், பிறந்த பிள்ளைகள் பெயர். வேறு வீட்டுக்கு வாழப்போன பெண்தான் எங்கள் குடும்பத்தைப் பிடித்து வைத்திருந்தாள். இலங்கையில் அட்டன் பக்கம் இன்னும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டார்கள். கூடுகை என்றால் அவர்களும் வர வேண்டும், அதற்கு ஆறு மாதம் முன்னே தேதி தெரிய வேண்டும்.

ஏரல்_அண்ணாச்சி:
ரவி, படித்துவிட்டு மனசு கஷ்டமாகிவிட்டது. பெயரை அடித்தது தவறு. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனிடம் வரி பாக்கி என்று எழுதி வைத்திருக்கலாம், அடித்திருக்கக் கூடாது.

இருந்தாலும் என் பேச்சில் ஒரு பாதியை விடமாட்டேன். கோயில் வேறு, கூடுகை வேறு. வரி, பூசை முறை, யார் கையில் முதல் விபூதி என்பதெல்லாம் சொக்காரர் விஷயம். மண்டபத்தில் கூடியவர்கள் அடுத்த வருஷம் கோயிலில் உரிமை கேட்டால் ஒற்றுமை கெடும். இதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி_மகள்:
கோயில் உரிமை எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. அழைப்பிலேயே அதை எழுதிவிடுகிறேன். முதல் விபூதி ஏன் மகன் கைக்கு மட்டும் என்ற கேள்வி எனக்கு உண்டு. அதை இந்த மே மாதத்தோடு கட்டமாட்டேன்.

பெயர்க் குழப்பத்துக்கு வழி இருக்கிறது. ஆளுக்கு ஒரு எண். ஒருவர் வரைபடத்தில் ஒரு முறைதான் வருவார், திரும்ப வரும் இடத்தில் எண் மட்டும். பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், அம்மா பிறந்த ஊர். பழைய கிரயப் பத்திரங்களில் பெண்களை "இன்னார் பாரியாள்" (மனைவி) என்று எழுதியிருப்பார்கள், அவர்கள் யார் மகள் என்று அங்கே கிடைக்காது. அதனால் ஆச்சிமார் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். "உங்கள் பாட்டி பெயர் என்ன" என்று கேட்டால் யோசிப்பார்கள். "உங்கள் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், பொங்கல்படி (பிறந்த வீட்டுப் பொங்கல் சீர்) யார் கொண்டுவந்தார்கள்" என்று கேளுங்கள், ஊர் ஊராகச் சொல்வார்கள்.

செலவுக்குத் தலைக்கட்டுக் கணக்கு வைக்கப் போவதில்லை. சம்பாதிக்கும் ஒவ்வொருவரிடமும், ஆணோ பெண்ணோ, ஒரே தொகை. கூடுகையன்று காலை பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு, மதியம் சைவச் சாப்பாடு. சாஸ்தா வீட்டாரும் சர்ச் வீட்டாரும் ஒரே பந்தியில் உட்காரலாம். ரவி அண்ணன் சொன்ன மாதிரி தேதியை இந்த மாதமே சொல்லிவிடுகிறேன்.

ஏரல்_அண்ணாச்சி:
மே மாத வெயிலில் பகல் முழுக்க மண்டபத்தில் ஆச்சிமாரை உட்காரவைக்காதீர்கள் தங்கச்சி. ஏசி மண்டபம் பாருங்கள், இல்லையென்றால் தை மாதத்துக்கு மாற்றுங்கள். பெண்வழி விஷயத்தில் என் கருத்து அப்படியே இருக்கிறது. எங்கள் கோயிலின் பழைய வரி நோட்டில் கயத்தாறுக்காரர்கள் பெயர் உண்டு, உங்கள் பெரியத்தை புருஷன் வீடு அதில் வருகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.