பேக்கப் ஒப்பந்தத்தில் வரும் ஆர்.பி.ஓ., ஆர்.டி.ஓ.: ‘பதிவிழப்பு எல்லை’, ‘மீட்புக் கெடு’?

குழுவினருக்கு வணக்கம். கடைகளின் கணினிப் பதிவுகளை நகலெடுத்துக் காக்கும் பேக்கப் ஒப்பந்தத்தில் இரண்டு எண்கள் வரும். எத்தனை மணி நேரப் பதிவுகள் வரை போகலாம் என்பது ஆர்.பி.ஓ. (Recovery Point Objective), எத்தனை மணி நேரத்தில் வேலை மீண்டும் தொடங்கவேண்டும் என்பது ஆர்.டி.ஓ. (Recovery Time Objective). இவற்றுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு வந்த ஒரு கருத்து இது:

> ஆர்.பி.ஓ. = மீட்புப் புள்ளி இலக்கு, ஆர்.டி.ஓ. = மீட்பு நேர இலக்கு. சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறதே, அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சொல்லுக்குச் சொல் சரிதான் ஐயா. ஆனால் இதைப் படித்துக் கையெழுத்துப் போடப்போகிறவர் கடை முதலாளி, பக்கத்தில் அவருடைய கணக்கர். ‘மீட்புப் புள்ளி இலக்கு: 24 மணி நேரம்’ என்றிருந்தால், 24 மணி நேரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒரு நாள் முழுக்கப் போட்ட பில்கள் போய்விட்டாலும் சர்வீஸ்காரரைக் கேட்க முடியாது என்பதுதான் அந்த வரியின் பொருள். சுருக்கத்தையே வைக்கலாம் என்றால், ஆர்.டி.ஓ. என்றதும் நம் ஊரில் லைசென்ஸ்தான் நினைவுக்கு வரும்.

இரண்டையும் பிரித்துக் காட்ட 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் (மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவை) நடந்தது நல்ல சான்று. நடந்ததை அவர்களே விரிவாக வெளியிட்டார்கள். துணை சர்வரில் அழிக்க வேண்டிய தரவுத்தள அடைவை (ஃபோல்டரை) ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடினால் அது இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.6 பதிப்பின் மேல் 9.2 பதிப்பின் பேக்கப் கருவி ஓடி, பதிப்பு பொருந்தாமல் பிழை காட்டி நின்றிருக்கிறது. அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் டீமார்க் (DMARC, மின்னஞ்சல் அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் முறை) சரிபார்ப்பில் தள்ளுபடியாகிவிட்டன. வேறு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்த நகல்) கைகொடுத்தது. ஆக, போன பதிவுகள் சுமார் 6 மணி நேரத்தவை. அந்த ஸ்னாப்ஷாட்டைத் திரும்ப நகலெடுக்கப் பிடித்ததோ சுமார் 18 மணி நேரம். முதல் எண்ணுக்கு ‘இழப்பெல்லை’, இரண்டாவதற்கு ‘மீட்புக் கெடு’ என்று முன்மொழிகிறேன்.

----

ஐயா, ‘கெடு’ பிரமாதம். பேங்க் கெடு, கோர்ட் கெடு என்று எல்லோருக்கும் பழகிய சொல். தாண்டினால் பதில் சொல்ல வேண்டும் என்ற அழுத்தமும் அதிலேயே இருக்கிறது, ‘இலக்கு’ என்பதில் அது இல்லை.

‘இழப்பெல்லை’ மட்டும் இடிக்கிறது. கணக்கர் அதை ரூபாயில்தான் படிப்பார். ‘பதிவிழப்பு எல்லை’ என்று நீட்டிவிடலாமா?

இன்னொன்று. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பேக்கப் ஓடினால் எல்லையும் 4 மணி நேரம் என்று எழுதிவிடுகிறார்கள். பேக்கப் முடிய 1 மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். அடுத்தது முடியும் தறுவாயில் சர்வர் விழுந்தால், கையில் மிஞ்சுவது 5 மணி நேரம் முன்பு தொடங்கிய நகல். எனவே எல்லை 5 மணி நேரம். இடைவெளியோடு ஓடும் நேரத்தையும் கூட்டவேண்டும் என்பது வரையறையிலேயே வரட்டும்.

----

‘பதிவிழப்பு எல்லை’க்கு என் ஒப்புதல். தரவு என்றால் கடையில் விழிப்பார்கள், பதிவு என்றால் புரியும்.

கெடுவுக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். 500 ஜிபி தரவு, 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட், 8 பிட் ஒரு பைட்) இணைப்பு: முழு வேகத்தில் வந்தாலும் நொடிக்கு 12.5 எம்பி, அதாவது 40,000 நொடி. இறங்கவே 11 மணி நேரத்துக்கு மேல். கிளவுடில் மட்டும் நகலை வைத்துக்கொண்டு ‘மீட்புக் கெடு 4 மணி நேரம்’ என்று எழுதும் ஒப்பந்தம் வெறும் காகிதம். கடையிலேயே ஒரு டிஸ்கில் நகல் இருந்தால் நடக்கும். அதையும் வேலை முடிந்ததும் கழற்றி வைக்கவேண்டும், செருகியே கிடந்தால் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

வரைவு இது, திருத்துங்கள்:

மீட்புக் கெடு: முறைமை நின்ற நேரத்திலிருந்து (புகார் பதிவான நேரத்திலிருந்து அன்று), மாற்று சர்வர் ஏற்பாடு, நகல் இறக்கம், சரிபார்ப்பு எல்லாம் முடிந்து முதல் பில் மீண்டும் போடும்வரை ஒப்புக்கொள்ளப்பட்ட அதிகபட்சக் கால அளவு.