அறையைப் பகுக்கும் துணிக்கு ‘இடைத்திரை’

அன்புள்ள நண்பர்களே,

ஓர் அறையை இரண்டாகப் பகுப்பதற்கு மேலிருந்து தொங்கவிடும் துணியைத் ‘தடுப்புத்திரை’ என்று எழுதலாம் என முன்மொழியப்பட்டிருப்பதைக் கண்டேன். அச்சொல்லை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கு மாற்றாக ‘இடைத்திரை’ என்பதை முன்வைக்கிறேன்.

இலங்கையின் மலையகத்தில் தடுப்பு என்றால் பலகையோ தகரமோ அடித்து நிறுத்தியது என்றே பொருள். அடித்து முடித்ததும் அந்த இடம் வேறோர் அறையாகிவிடும். தொங்கும் துணி அப்படிப்பட்டதன்று. இரவில் மறைக்கும், விடிந்ததும் ஒருபுறம் ஒதுங்கும். பார்வையை நிறுத்துமே தவிர, பேச்சையோ அடுப்புப் புகையையோ நிறுத்தாது. அறை ஒன்றாகவே இருக்க, அதன் நடுவே ஒரு மறைவு மட்டும் உண்டாகிறது. இந்த வேறுபாட்டைச் சொல் காட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

இதை நான் அகராதியில் படித்துச் சொல்லவில்லை. ஹட்டனுக்கு அருகே, ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், வளர்ந்தவன் நான். அண்ணன் திருமணம் முடித்து அண்ணியை அழைத்து வந்த வாரம், அம்மா தம்முடைய பழைய சேலைகள் இரண்டை நீளவாக்கில் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தார். 6 யார் சேலை 18 அடி நீளம். அதை 10 அடி அகலத்துக்குள் சுருக்கி விட்டதால் மடிப்பு மடிப்பாக விழுந்து, விளக்கு வெளிச்சத்தில் மறுபக்கத்து உருவம் தெரியாமல் இருந்தது. திரைத்துணி அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை இருக்க வேண்டும் என்று தையற்காரர்கள் இன்று கூறும் கணக்கை, அவர் எவரிடமும் கேட்காமலே கண்டிருந்தார். கயிறு எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் பாரத்தில் நடுவே தொய்ந்தது. கூரை மரத்திலிருந்து ஒரு கம்பியை வளைத்து மாட்டி அதை நிமிர்த்தினார். ஈரத்தரையில் பட்டுப் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, கீழ் ஓரத்தை நான்கு விரல் உயர்த்தியே விட்டார்.

அதை நாங்கள் ‘மறைப்பு’ என்றோம். எனக்கு மிகவும் நெருக்கமான சொல் அது. எனினும், குளிக்கும் இடத்தைச் சுற்றிச் சாக்குக் கட்டுவதும் எங்களுக்கு மறைப்புத்தான் என்பதால், கலைச்சொல்லுக்கு வேண்டிய வரையறை அதில் இல்லை. ‘திரைச்சீலை’ யன்னலுக்கும் வாசலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பழைய இலக்கியத்தில் இப்பொருள் அப்படியே இருக்கிறது. முல்லைப்பாட்டில், பாசறையில் அரசன் தங்கும் இடத்தை நப்பூதனார் ‘திண்ஞாண் எழினி வாங்கிய ஈரறைப் பள்ளி’ என்கிறார். வலிய கயிற்றில் திரையை இழுத்துக் கட்டியதால் இரண்டு அறையான பள்ளி அது. அரசனின் பாசறைக்கும் எங்கள் காம்பராவுக்கும் பொதுவானவை ஒரு கயிறும் ஒரு துணியுமே என்பதை முதன்முதலாகப் படித்தபோது என் கண் கலங்கியது. ஆயினும் ‘எழினி’யை மீட்டெடுக்க நான் பரிந்துரைக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மூவகை எழினிகளைக் கூறுவதால் அச்சொல் நாடக மேடையோடு பிணைந்துவிட்டது. துணிக்கடையில் நின்று கேட்கவும் இயலாது.

‘இடைச்சுவர்’ என்ற சொல் கட்டட வேலையில் ஏற்கெனவே வழங்குகிறது. அதே வார்ப்பில் ‘இடைத்திரை’ அமைவதால், சுவருக்குப் பதிலாகத் திரை நிற்கிறது என்பது விளக்கமின்றியே புரியும். இரண்டு பகுதியானாலும் மூன்று பகுதியானாலும் பொருந்தும் என்பதால், ‘ஈரறைத்திரை’ என்று ஆக்குவதைவிட இது மேலானது. நாடகத்தின் இடைவேளையோடு மயங்கும் என்ற ஐயம் எழலாம். ‘இடைத்திரை கட்டினோம்’, ‘இடைத்திரையை ஒதுக்கினோம்’ என்று வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் அந்த மயக்கம் நீங்கிவிடுகிறது.

துணைச் சொற்களில், கயிற்றுக்குத் ‘திரைநாண்’ என்பதையும், உலோகக் கோலுக்கு மக்கள் வழங்கும் ‘திரைக்கம்பி’ என்பதையும் கொள்ளலாம். கூரைத்தளத்தில் திருகாணியால் பொருத்தி, உள்ளே சிறு சக்கரங்கள் ஓடும் பள்ளமான சட்டத்துக்குத்தான் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘திரைத்தடம்’ என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். தச்சு வேலையிலோ தையலிலோ இருப்பவர்கள் அதற்கு வேறு சொல் வழங்கினால், அதையே முதலில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.