பயாப்சி ரிப்போர்ட் வர்ற அந்த ஒரு வாரம்: உங்க அனுபவம் என்ன?

மெழுகுப்பெட்டி, மதுரை:

மதுரையில ஒரு லேப்ல, பயாப்சி பிரிவுல, அதாவது கேன்சரான்னு பார்க்க எடுத்த சதைத் துண்டைச் சோதிக்கிற இடத்துல, 22 வருஷமா டெக்னீஷியனா இருக்கேன். கவுன்டருக்கு வர்றவங்க கேக்குறது ஒரே கேள்விதான். "நகக்கண்ணு அளவு சதை. இதைப் பார்த்துச் சொல்ல ஒரு வாரமா?" கோவமா கேப்பாங்க, அழுதுக்கிட்டே கேப்பாங்க. நேத்து ஒரு பெரியவர், "எனக்கு என்ன அவசரம் தம்பி, வீட்டுல அவதான் தூங்க மாட்டேங்குறா"ன்னு சொல்லிட்டு மூணு மணி நேரம் பெஞ்சுலயே உக்காந்திருந்தாரு. அவரைப் பார்த்துட்டு வந்துதான் இதை எழுதுறேன். உள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல நான் சொல்லிடுறேன். அப்புறம் நீங்க உங்க கதையைச் சொல்லுங்க.

துண்டு எங்கிட்ட ஃபார்மலின் பாட்டில்ல வரும். செல்லெல்லாம் அழுகாம இருந்த இடத்துல இருந்தபடியே நிக்க, ஒரு ராத்திரியாவது அதுல ஊறணும். அப்புறம் ஆல்கஹால்ல படிப்படியா தண்ணியை வாங்கி, சைலீன்ல தெளிய வெச்சு, உருகின மெழுகுல ஊற விட்டு ஒரு மெழுகுக் கட்டிக்குள்ள பதிச்சிருவோம். அதுக்குப் பேரு பிளாக். அதை ஐஸ் மேல குளிர வெச்சு மைக்ரோடோம்ல சீவணும். கனம் 3, 4 மைக்ரான். ஒரு தலைமுடியை நீளவாக்குல பதினஞ்சு இருபது சீவலாக்கினா எவ்வளவோ, அவ்வளவுதான். சீவச் சீவ ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ரிப்பனா வரும், மூச்சு பட்டாலே பறக்கும். அதனால சித்திரை வெயில்லயும் ஃபேனை நிறுத்திட்டுத்தான் வேலை. ரிப்பனை வெதுவெதுப்பான தண்ணியில மிதக்க விட்டா சுருக்கம் பிரியும், கண்ணாடியை அடியில கொடுத்து அள்ளணும். சாயம் போட்டா செல்லோட கரு ஊதாநீலமா, மத்ததெல்லாம் ரோஸா தெரியும். டாக்டர் மேடம் மைக்ராஸ்கோப்ல கண்ணை வெக்கிறது அதுக்கப்புறந்தான். அவங்களுக்குச் சந்தேகம் வந்தா வேற சாயம், இன்னும் ரெண்டு மூணு நாள்.

இத்தனை வருஷத்துல எனக்குப் பிடிபட்டது, கேன்சர்ங்கிறது ஒரே வியாதியோட பேரு இல்ல. எந்தத் திசுவுல ஆரம்பிச்சதோ அதுதான் அதோட குலம் கோத்திரம். பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினோமே, எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு, அதேதான். தோல், வாய், குடல், மார்புச் சுரப்பி, கருப்பை வாய்னு எல்லாத்துக்கும் மேல்பூச்சா, உள்பூச்சா இருக்கிறது எபிதீலியம். அதுல வந்தா கார்சினோமா. எலும்பு, கொழுப்பு, தசைன்னு வந்தா சார்கோமா. பெரியவங்களுக்கு வர்றதுல ரொம்பப் பெரும்பங்கு கார்சினோமாதான். காரணம் சுலபம். வெளிவிஷத்தை முதல்ல வாங்குறதும் இந்தப் பூச்சுதான், தேஞ்சு தேஞ்சு ஓயாம புதுசா பிரியுறதும் இதுதான். ஒவ்வொரு தடவை பிரியும்போதும் மரபணுவைப் படி எடுக்கணும். படி எடுக்கையில பிழை விழும், பெரும்பாலும் செல்லே திருத்திக்கும், இல்லாட்டி தானா செத்துப்போகும். திருத்தாத பிழை ஒண்ணு மேல ஒண்ணு பல வருஷமா சேர்ந்து, நிறுத்தச் சொன்னாலும் நிக்காத ஒரு செல் உருவாகுதே, அங்கதான் ஆரம்பம்.

எபிதீலியத்துக்கு அடியில மெல்லிசா ஒரு சவ்வு உண்டு. கெட்டுப்போன செல் அந்தச் சவ்வுக்கு மேலயே நின்னா ஒரு பேச்சு. அதைக் கிழிச்சுக் கீழ இறங்கிட்டா வேற பேச்சு, ஏன்னா கீழதான் ரத்தக்குழாயும் நிணநீர்க் குழாயும் ஓடுது. மேடம் அந்தக் கோட்டைத்தான் தேடுவாங்க. சில ஸ்லைடுல அதுக்கே அரை நாள் ஓடிடும்.

தாமிரபரணிக்கரை, திருநெல்வேலி:

அண்ணாச்சி, இத அஞ்சு வருஷத்துக்கு முன்ன வாசிச்சிருந்தா எங்க அப்பாவுக்கு ஏழு மாசம் மிஞ்சியிருக்கும்.

அப்பா வெத்தலைக்கு வடக்கன் புகையிலை வச்சுப் போடுவாரு. கன்னத்துக்கு உள்பக்கம் சுண்ணாம்பு ஒட்டுன மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. சுரண்டினா வராது. சுண்ணாம்பு பொத்துருச்சுன்னே நெனச்சோம். பல் டாக்டர் பார்த்ததுமே பயாப்சி எடுக்கச் சொன்னாரு. சித்தப்பா குறுக்க வந்து, "கத்தி பட்டா பரவிரும்ல, தொடாதீங்க"ன்னுட்டாரு. அம்புட்டுதான். சூரணம், எண்ணெய், கோயில்னு ஏழு மாசம் போச்சு. திட்டு புண்ணாச்சு. வாயில ரெண்டு விரல் நுழையாது. சோத்தைக் கரைச்சு ஊத்தினோம்.

கடைசில துண்டு எடுத்தது மரப்பு ஊசி போட்டு கால் மணி நேரம், ஒரு தையல். ரிப்போர்ட்டை நான்தான் வாங்கினேன். "வெல் டிஃபரன்ஷியேட்டட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா"ன்னு இருக்கு. எனக்கு அந்த "வெல்" மட்டும்தான் கண்ணுல பட்டுது. நல்லா இருக்குன்னு போட்டிருக்கான்னு, வர்ற வழியில கால் கிலோ அல்வா வாங்கிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா பொட்டலத்தைப் பிரிச்சுச் சாமிக்கு வச்சா. மறுநாள் டாக்டர் சொன்னப்போ அல்வா பூஜை அறையில அப்படியே இருந்துச்சு.

பெரிய ஆபரேஷன். கன்னம், கீழ்த்தாடையில ஒரு பகுதி, கழுத்து நெறி எல்லாம் எடுத்தாங்க. அந்தக் குழியை அடைக்க நெஞ்சுச் சதையைத் தோலோட திருப்பி வச்சுத் தச்சாங்க. நெஞ்சுத் தோலில்லா, வாய்க்குள்ள முடி முளைச்சுது. அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. பிறகு கரண்ட் வச்சாங்க, முடி நின்னுட்டு. கரண்ட்டுன்னு ஊர்ல சொல்லுதோமே தவிர அது எக்ஸ்ரே மாதிரிக் கதிருதான், உள்ள படுத்திருக்கும்போது ஒண்ணும் தெரியாதாம். அதுக்கு முன்ன சொத்தைப் பல்லை எல்லாம் பிடுங்கிட்டாங்க. கதிர் பட்ட தாடையில பின்னால பல்லு எடுத்தா எலும்பு ஆறாதாம். ஒரு பிளாஸ்டிக் வலையை வெந்நீர்ல இளக்கி மூஞ்சி மேல அமுக்கி அச்சு எடுத்தாங்க, தலை அசையாம இருக்க. திங்கள்லேர்ந்து வெள்ளி வரை, 6 வாரம், 30 தடவை.

ஏன் ஒரே நாள்ல வைக்கக்கூடாதுன்னு கேட்டேன். நல்ல செல்லு ராத்திரியோட ராத்திரியா பழுது பார்த்துக்கிடும், புத்துச் செல்லுக்கு அந்தத் துப்பு கம்மி, தினம் கொஞ்சங் கொஞ்சமா அடிச்சாத்தான் அந்த வித்தியாசம் நமக்கு ஆதாயம்னு அந்த மெஷின் ரூம் தம்பி சொன்னான். டாக்டரை விட நல்லா சொன்னான்.

அப்பா இருக்காரு. வெத்தலை இல்ல.

மெழுகுப்பெட்டி, மதுரை:

அல்வா விஷயம் மனசைப் பிசைஞ்சிருச்சு தம்பி. அந்த "வெல்"லால ஏமாந்தது நீங்க மட்டுமில்ல. கெட்ட செல் இன்னும் தாய்த் திசுவோட சாயல்ல இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். வாய்ப்புற்றுல அந்த ரகமா இருந்தா ஸ்லைடுல ரோஸ் கலர்ல, வெங்காயத்தைக் குறுக்க வெட்டின மாதிரி உருண்டை உருண்டையாத் தெரியும். நாங்க முத்துன்னு சொல்லுவோம். தோல்ல இருக்கிற கெரட்டின்ங்கிற புரதத்தைச் செய்யிறதை அந்தச் செல் இன்னும் மறக்கலை. சாயல் மாற மாற வேகம் கூடும். அது கிரேடு. எவ்வளவு தூரம் போயிருக்குங்கிறது ஸ்டேஜ். இது ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் பாதிப் பேர் பயப்படுறாங்க, மீதிப் பேர் அசட்டையா இருந்துடுறாங்க.

சித்தப்பாமாருங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. வாயில சந்தேகமான திட்டுக்குத் துண்டு எடுத்துத்தான் ஆகணும். சில இடத்துல, உதாரணமா விதைப்பையில, கட்டியை எப்படி எடுக்கணும்னு தனி முறை உண்டு, அது டாக்டருக்குத் தெரியும். "கத்தி பட்டு" பரவினதுன்னு சொல்றதெல்லாம் பெரும்பாலும் கத்தி பட லேட் ஆனதுதான்.

நர்ஸக்கா, திண்டுக்கல்:

சவ்வு கிழியறதுக்கு முன்னாடியே பிடிக்கிற கதை எங்கிட்ட இருக்கு. கருப்பை வாயில ரெண்டு விதமான எபிதீலியம் சந்திக்குது. உள்ள இருந்து வர்றது ஒத்தை அடுக்கு, வெளியில இருக்கிறது தட்டைத் தட்டையா பல அடுக்கு. ரெண்டும் சேர்ற வரப்புலதான் எச்பிவி வைரஸ் குடியேறும். முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா போயிடும். போகாம தங்கினவங்களுக்குத்தான் பத்து, பதினஞ்சு வருஷம் கழிச்சுப் புத்து. அவ்வளவு அவகாசம் தர்ற புத்து, அதையும் நாம கோட்டை விடுறோம்.

முகாம்ல நாங்க பண்றது காடி வெக்கிறது. ஊறுகாய்க்குப் போடுற வினிகர் மாதிரி ஒரு நீர்த்த அமிலம். பஞ்சுல தொட்டு வெச்சு ஒரு நிமிஷம் காத்திருந்து பார்க்கணும். கெட ஆரம்பிச்ச இடம் வெள்ளையாத் திரளும், நல்ல இடம் ரோஸாவே இருக்கும். இருந்தா அன்னைக்கே உறைய வெச்சு அழிச்சிடலாம். 2000த்துல ஆரம்பிச்சு எங்க திண்டுக்கல் மாவட்டத்துலதான் இதைப் பெரிய அளவுல செஞ்சு பார்த்தாங்க, 30லேர்ந்து 59 வயசுப் பொம்பளைங்களுக்கு. 2007ல முடிவு வந்துச்சு. சோதனை பண்ணின பக்கத்துல இந்தப் புத்து வர்றது 25 சதவீதம், சாவு 35 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. காடியும் டார்ச் லைட்டும் நர்ஸும்! இதை நான் பெருமையா சொல்லாம வேற யாரு சொல்லுவா?

ஆனா கூப்பிட்டா வர மாட்டாங்க. ஒரு ஊர்ல ஒரு அம்மா, "எனக்கென்ன கோளாறு, நாலு பெத்தவ"ன்னு திட்டி அனுப்பிட்டாங்க. மறுநாள் அவங்களே மருமகளை இழுத்துக்கிட்டு வந்தாங்க, "இவளைப் பாரு". நான் சொன்னேன், முதல்ல நீங்க படுங்கம்மா. படுத்தாங்க. வெள்ளை அவங்களுக்குத்தான் இருந்துச்சு.

ஒருமாத்திரை, கோயம்புத்தூர்:

எல்லாரும் கட்டி, துண்டுங்கறீங்க. எனக்குக் கட்டியே இல்லைங்க. இடது விலா எலும்புக்குக் கீழ பாரம், ரெண்டு இட்லிக்கே வயிறு நெறைஞ்சுக்கும். மண்ணீரல் வீங்கியிருந்துதுங்க. ரத்தத்துல வெள்ளை அணு 11,000த்துக்குள்ள இருக்கோணும், எனக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல. லேப்புல மெஷின் கோளாறுன்னு நெனச்சு மறுபடி குத்துனாங்க.

சிஎம்எல்னு ஒரு வகை ரத்தப் புத்துங்க. எலும்பு மஜ்ஜையில ரத்தம் உண்டாக்குற திசு கெட்டுப்போறதுங்க. 9வது குரோமோசோமும் 22வதும் துண்டு மாத்திக்கிச்சுன்னாங்க. அந்த ஒட்டு வேலையில ஒரு புது புரதம் பொறந்து, பிரி பிரின்னு செல்லுக்கு நிக்காம உத்தரவு போட்டுட்டு இருக்குது. இமாட்டினிப் மாத்திரை போயி அந்தப் புரதத்தோட வாயில அடைச்சுக்குது. தினம் 400 மில்லிகிராம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு டம்ளர் தண்ணியோட. ஒன்பது வருசமாச்சுங்க. இந்த மருந்து 2001லதான் வந்துது. கம்பெனிக்குக் காப்புரிமை கிடையாதுன்னு 2013ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதால, நம்மூர்க் கம்பெனிங்க செய்யற மாத்திரையே என்னைய மாதிரி ஆளுக்குக் கட்டுபடியாகுது. மாசக் கடைசியில மாத்திரை டப்பாவை ஆட்டிப் பார்க்குற சத்தம் எங்கூட்டுப் பொண்ணுக்குக்கூட அத்துபடிங்க.

வடலி, யாழ்ப்பாணம்:

அம்மாக்கு 2019 இல மார்பில கட்டி. நோகேல்லை எண்டு ஆருக்கும் சொல்லேல்லை. நோகாத கட்டியெண்டால் பயமில்லை எண்டு அவ நினைச்சுக்கொண்டிருந்தவ, வயசு அப்ப 62. அண்ணா சொன்ன மற்றச் சாயம் அவவின்ர துண்டுக்கும் போட்டவை. செல்லின்ர கரு பழுப்பா நிறம் ஏறினது. அப்பிடியெண்டால் ஈஸ்ட்ரஜன் எண்ட பெண் ஹோர்மோனைத் திண்டு வளருற சாதி எண்டு டொக்டர் விளங்கப்படுத்தினவர்.

ஒப்பரேசன் முடிஞ்சு கீமோ. மூண்டு கிழமைக்கு ஒருக்கா. சிவப்பு மருந்து எண்டு ஒண்டு, அது ஏத்தின அண்டைக்கு மூத்திரமும் சிவப்பாப் போகும். முதல் நாள் அம்மா இரத்தம் எண்டு பயந்து கத்திப்போட்டா. ஆரும் முன்னமே சொல்லேல்லை, அதுதான் எனக்கு இண்டைக்கும் கோவம். பிறகு தலைமயிர் கொட்டிச்சு, வாய் முழுக்கப் புண், வெள்ளை அணு விழுந்து இரண்டாந்தரம் மருந்து பிந்திச்சுது. வேகமாப் பிரியிற செல்லைத்தான் அந்த மருந்து அடிக்கும், மயிர்க்கால், வாய்க்குள்ள தோல், எலும்பு மச்சை எல்லாம் வேகமாப் பிரியிறதாலை அதுகளும் சேர்ந்து அடிவாங்குது எண்டு மிஸ்ஸி (நர்ஸ்) ஒராள் சொன்னதுக்குப் பிறகுதான் அம்மாக்கு ஆறுதல். "அப்ப மருந்து வேலை செய்யுது" எண்டா. பிறகு அஞ்சு வருசம் ஒரு குளிசை. போன வருசம் நிப்பாட்டியாச்சு. மயிர் சுருட்டையா முளைச்சிருக்கு, அம்மா அதுக்கு எண்ணெய் வைக்கிறதிலை ஒரு மணித்தியாலம் போகுது.

மெழுகுப்பெட்டி, மதுரை:

எல்லாருக்கும் நன்றி. என் பக்கத்துக் குறையையும் சொல்லிடுறேன். போன மாசம் ஒரு கிளினிக்ல இருந்து துண்டை வெறும் தண்ணியில போட்டு அனுப்பியிருந்தாங்க, அதுவும் ஒரு நாள் கழிச்சு. சாயம் போட்டா கரு எது, எது என்னன்னு ஒண்ணும் தெரியல, எல்லாம் கஞ்சி. அந்த அம்மா மறுபடி ஊசி குத்திக்கணும். பாட்டிலை உங்க கையில கொடுத்தா, உள்ள இருக்கிறது ஃபார்மலினான்னு ஒரு வார்த்தை கேளுங்க. மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டாம், கண்ணு எரியும்.

தனிச்செய்தியில மூணு பேர் கேட்டிருந்தீங்க: வேற ஆஸ்பத்திரியில ரெண்டாவது கருத்து கேக்கணும்னா மறுபடி துண்டு எடுக்கணுமான்னு. பெரும்பாலும் வேண்டியதில்ல. பிளாக்கும் ஸ்லைடும் லேப்ல பல வருஷம் இருக்கும். எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம். ஸ்லைடு உடையும், பஞ்சு சுத்தி எடுத்துட்டுப் போங்க. பிளாக் மெழுகு. கார் டேஷ்போர்டுல வெச்சு மாட்டுத்தாவணியில வெயில்ல நிறுத்திட்டுச் சாப்பிடப் போயிடாதீங்க. ஒருத்தர் போனாரு.