பெரும்பாக்கம்: வீடு கொடுத்த பிறகும் ஏன் இந்தக் குறை?

வேளச்சேரி_குமரன்
சென்னையில கூவம், அடையாறு ஆத்தங்கரையில குடிசை போட்டு இருந்தவங்களுக்கு, ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல 20,000க்கும் மேல வீடு கட்டியிருக்கு அரசு. கான்கிரீட் கூரை, தனிக் கழிவறை எல்லாம் உண்டு. 2015 வெள்ளத்தைப் பார்த்த யாரும் "கரையிலேயே இருக்கட்டும்"னு சொல்ல மாட்டாங்க. வாடகை கட்டி மாளாத என்னை மாதிரி ஆளுக்கு யார் வீடு தர்றா? கொடுத்த பிறகும் "தூரமா தள்ளிட்டாங்க"னு ஏன் புலம்பல்?

பெரும்பாக்கம்_மலர்
வெள்ளத்துக்கு அப்புறம் சைதாப்பேட்டை கரையிலிருந்து இங்க வந்த குடும்பம் எங்களது. அம்மாவுக்குக் கோட்டூர்புரத்துல நாலு வீட்டு வேலை. அங்க இருந்தப்ப நடுவுல ஓடி வந்து தம்பிக்குச் சோறு ஊட்டிட்டுப் போவாங்க. இங்க வந்ததும் விடியக்காலம் பஸ் ஏறினா திரும்பி வர இருட்டிடும். தம்பியை யார் பாக்குறது? எட்டாவதோட நான் நின்னேன். எங்க பிளாக்ல நான் மட்டும் இல்ல சார்.

வேளச்சேரி_குமரன்
வருத்தம்தான். ஆனா அதெல்லாம் பழைய கதை. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. 2022ல தொடங்கின காலை உணவு, அதுக்கு மேல மதியச் சத்துணவு. பிள்ளைங்களுக்கு இதைவிட எந்த மாநிலம் செய்யுது?

பெரும்பாக்கம்_மலர்
டிக்கெட் காசு மிச்சம், ஒத்துக்கிறேன். நேரம் மிச்சமாகலையே! அங்கன்வாடி சாயங்காலத்துக்கு முன்னாடியே மூடிடும், ஸ்கூலும் விட்டுடும். அம்மா வர்ற வரைக்கும் ஏழாவது மாடியில சின்னப் பிள்ளைங்க தனியா. லிஃப்ட் ஓடாத நாள்ல கீழ விளையாடக்கூட விட முடியாது. பக்கத்து வீட்டு ஆயாவை நம்பித்தான் பாதி பிளாக் ஓடுது.

ஓய்வுபெற்ற_ஓவர்சியர்
குமரன் தம்பி, ஒரு விஷயம். 1970ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டுவதுதான் பெரும்பாலும் வழக்கம். நொச்சிக்குப்பம் அப்படி வந்ததுதான். நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, 2000 வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே போனார்கள். 2021ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயரை மாற்றுவது சுலபம். அதற்காக இருந்த இடத்தில் கட்டினாலே எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் வாரியம் கட்டிய புது அடுக்குமாடியில் அதே 2021ல் கை பட்டாலே பூச்சு உதிர்ந்ததை ஊரே பார்த்தது.

வேளச்சேரி_குமரன்
அதைத்தான் சொல்றேன். நகருக்குள்ள நிலம் எங்க இருக்கு? மாலைநேரக் காப்பகம் வேணும்னு கேளுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன். ஆத்தங்கரைக்குத் திரும்பணும்னா முடியாது.

பெரும்பாக்கம்_மலர்
கரையை யார் கேட்டா? வேலைக்கு நடந்து போற தூரத்துல கொடுங்கன்னுதான் கேக்குறோம். 2022 மே மாசம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகர்ல வீடுகளை இடிச்சப்ப ஒருத்தர் தீக்குளிச்சு செத்தார். அதுக்கப்புறம் அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கமே வீடு தர்றோம்னு சட்டசபையில அறிவிச்சாங்க. அப்ப மட்டும் நிலம் எங்கிருந்து வந்துச்சு சார்?