புழக்கத்துக்கு வராத காசு உங்கள் கைக்கு வந்த கதை

(முத்தியால்பேட்டை, புதுச்சேரி)
நினைவுக்காக மட்டும் அடிக்கிற, புழக்கத்துக்கு வராத காசு உங்கள் கைக்கு வந்த கதையை எல்லோரும் எழுதுங்கள். முதலில் என் கதை. 2022 டிசம்பர் 13 அன்று ஸ்ரீ அரவிந்தரின் 150வது பிறந்த ஆண்டுக்காக 150 ரூபாய் நாணயத்தைப் பிரதமர் காணொளி வழியாக வெளியிட்டார், விழா நடந்தது நம்ம ஊர் கம்பன் கலையரங்கத்தில். நம்ம ஊர் விழாவில் வெளியான காசு நம்ம ஊர் வங்கியில் கிடைக்காமலா போகும் என்று மறுநாளே போய் நின்றேன். கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு அப்படி ஒரு காசு வந்திருப்பதே நான் சொல்லித்தான் தெரிந்தது. இந்தக் காசுகள் வங்கிக்கு வருவதே இல்லை, மின்ட்டில் (அரசு நாணயச் சாலையில்) அடித்து, முன்பதிவு செய்தவர்களுக்கு டப்பாவில் போட்டு அனுப்புவார்கள், விலையும் காசில் போட்டிருக்கும் தொகையைவிடப் பல மடங்கு என்பதெல்லாம் அப்புறம்தான் புரிந்தது.

பதிவு செய்து காத்திருக்கப் பொறுமை இல்லை. காந்தி வீதி ஞாயிறு சந்தையில், துணிக் குவியல்களுக்கு நடுவே பழைய காசு பரப்பி வைத்திருந்த ஒருவரிடம் தஞ்சைப் பெரிய கோவில் 1000 ரூபாய் காசைப் பார்த்தேன். கோவிலுக்கு ஆயிரம் வருடம் ஆனதற்காக 2010 என்று ஆண்டு போட்டு அடித்தது. ராஜராஜன் கோவிலைக் காசில் பார்த்ததும் எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை, 800 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் தெரிந்த நகைக் கடையில் தராசில் வைத்தால் 22 கிராம்! அசல் 35 கிராம் இருக்கும், அகலம் 44 மில்லிமீட்டர், 80 சதவீதம் வெள்ளி. அதாவது 28 கிராம் வெள்ளி, அதை 800 ரூபாய்க்கு யார் தருவார்கள் என்ற கணக்கைச் சந்தையிலேயே போட்டிருக்க வேண்டும். மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. இப்போது பையில் சின்ன டிஜிட்டல் தராசு இல்லாமல் நான் சந்தைக்குப் போவதில்லை, நீங்களும் போகாதீர்கள்.

(மஞ்சக்குப்பம், கடலூர்)
சார், உங்களுக்குக் கிடைத்தது போலி. எனக்கு அசல் கிடைத்தும் கையில் நிற்கவில்லை. புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காக 2023 மே 28இல் வந்த 75 ரூபாய் காசை ப்ரூஃப் ரகத்தில் பதிவு செய்து வாங்கினேன். பாதி வெள்ளி, மிச்சம் செம்பும் நிக்கலும் துத்தநாகமும். ப்ரூஃப் என்றால் அச்சையே மெருகேற்றி அடிப்பது, உருவம் இல்லாத வெறும் பரப்பு கண்ணாடி மாதிரி முகம் காட்டும், விரல் ரேகை பட்டாலே போச்சு. அந்த வருட ஆயுத பூஜைக்கு அம்மா டப்பாவைத் திறந்து காசை எடுத்து, குத்துவிளக்கையும் வெள்ளிக் கிண்ணத்தையும் துலக்குகிற மாதிரியே விபூதி போட்டு நன்றாகத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, என் கணினிக்கு முன்னால் வைத்திருந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முழுக்க மயிரிழைக் கீறல். அதை எந்த வித்தையாலும் திருப்ப முடியாது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வெள்ளி என்றால் விபூதி போட்டுத் துலக்கணும் என்பது அவர் அறுபது வருடமாகச் செய்துவருவது. அந்தக் காசு இப்போது சாமி அலமாரியிலேயே இருக்கிறது, விற்க மாட்டேன். சரி, புதிதாக வாங்குபவர்கள் ஒன்று செய்யுங்கள்: டப்பாவை வாங்கிய அன்றே வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, இதைத் தொடக் கூடாது, ஏன் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

(குருசுக்குப்பம், புதுச்சேரி)
எங்கள் வீடு சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் குடும்பம். பிரான்சில் இருக்கும் சித்தப்பா 10 யூரோ வெள்ளிக் காசு கொண்டுவந்தார். அப்போது அங்கே தபால் நிலையத்தில் 10 யூரோ கொடுத்தே வாங்க முடிந்ததாம், போட்ட விலைக்கே வெள்ளி! அதை இங்கே பணம் மாற்றும் கடையில் காட்டினேன், நோட்டு இருந்தால் கொடுங்கள் என்றார்கள். பிரான்சைத் தாண்டினால், யூரோ ஓடும் ஜெர்மனியில்கூட அது செல்லாது. 2010இல் தொடங்கி பிரான்சின் ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனித்தனியாக 10 யூரோ வெள்ளிக் காசு அடித்தார்கள். என்னிடம் நான்கு இருக்கிறது. இரட்டையாக வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.